கடைசி முறைக்கு இரண்டு கிண்ணி கூடுதல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் முடித்து, காலேஜில் இரண்டு வருஷம் கணக்கும் பிசிக்ஸும் படித்துவிட்டு, அப்புறம் பத்து வருஷம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன், முப்பது வயதில் கால்குலஸ் புத்தகத்தைத் திறந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? என் கையெழுத்தில் இருந்த பழைய நோட்டே எனக்குப் புரியவில்லை.

ஆனால் படித்தே ஆகவேண்டும். புதுக்கோட்டையில் மராமத்து ஆபீசில் வரைபடம் நகலெடுக்கும் வேலை எனக்கு. தங்கியது நாலு ஆண்கள் சேர்ந்திருந்த ஒரே அறையில். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் மனைவி கீரமங்கலம் பக்கத்தில் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். ஓவர்சீயர் பரீட்சை தேறினால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும்; அவளை அழைத்துவரலாம். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுவேன். யுத்தகாலம், பெட்ரோல் இல்லை. கரி வாயுவில் ஓடும் பஸ். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். ஞாயிறு சாயந்தரம் அதே பஸ் ஊர்முனையில் ஹாரன் அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். நடுவில் கிடைத்த நேரத்தையும் புத்தகம் தின்றது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரிப்பாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டிக் கணக்கு ஒன்று. அடியில் துளை, பாதித் தண்ணீர் வடிய ஒரு மணி நேரம், முழுதும் வடிய எவ்வளவு? இரண்டு மணி என்று போட்டேன். புத்தகத்தின் பின்னால் இருந்த விடையோ கிட்டத்தட்ட மூன்றரை மணி என்றது. "புத்தகத்துலயே தப்பு!" என்று வீசினேன். அது மொச்சைக் கூடையில் போய் விழுந்தது.

அவள் எடுத்து முந்தானையால் துடைத்தாள். "அப்படி என்னதாங்க கேட்டுருக்கு?"

சொன்னேன். களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"எங்க கண்மாயில தண்ணி முறை பாத்திருக்கீங்கல்ல?"

பார்த்திருக்கிறேன். அடியில் ஊசித்துளை போட்ட செப்புக் கிண்ணியைத் தண்ணீர்ப் பானையில் மிதக்கவிடுவார்கள். அது நிரம்பி மூழ்கினால் ஒரு கிண்ணி நேரம். முதல் வயலுக்குப் பத்துக் கிண்ணி நேரம் மடையைத் திறப்பார்கள். கடைசி வயலுக்குப் பன்னிரண்டு.

"அது ஓரவஞ்சனைன்னு அன்னைக்கே சொன்னேனே" என்றேன்.

"ஓரவஞ்சனையா? அட போங்க! கண்மா நெறஞ்சிருக்கையில மடையில தண்ணி பீச்சிக்கிட்டு வரும். கொறையக் கொறைய வேகமும் கொறஞ்சிரும். கடைசி ஆளு பாவமில்லயா? அதுக்குத்தான் கூட ரெண்டு கிண்ணி. எங்க ஊருல மாடு மேய்க்கிறவுகளுக்குக்கூடத் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. அவள் அதோடு விடவில்லை. அடுப்படியிலிருந்து அடியோரம் பக்கவாட்டில் ஓட்டை விழுந்த குடம் ஒன்றைக் கொண்டுவந்து கல்மேல் வைத்து நிரப்பினாள். தண்ணீர் முதலில் எட்டிப்போய் விழுந்தது. பிறகு கிட்டே, இன்னும் கிட்டே. விழுந்த இடத்திலெல்லாம் நான் ஒரு மொச்சைக் கொட்டையை வைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு கணமும் வேகம் மாறுகிறது, அந்தக் கணத்தின் வேகத்தைப் பிடிப்பதுதான் கால்குலஸ் என்று காலேஜில் நெட்டுருப் போட்டவன் நான். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

குடம் காலியாகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. "தண்ணி கடைசியில மெதுவாத்தான் போவுது. நம்ம ஞாயித்துக்கெழம மட்டும் ஏங்க கடைசியில இந்த ஓட்டம் ஓடுது?" என்றாள்.

மூன்று வருஷமாக இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் மொச்சை உரித்திருக்கிறாள். நான் ஒரு மடையன், என் கோபத்தை மட்டுமே பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தடவை தேறினேன். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு சின்ன அறை, வாசலை ஒட்டி பஸ் போகிற ரோடு. குடிவந்த முதல் ஞாயிறு சாயந்தரம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஹாரன் அடித்தது.

"எங்கிட்டுங்க கெளம்பிட்டீங்க?" என்று அவள் கேட்டபோதுதான் பார்த்தேன். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்திருக்கிறேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் எழுந்துவந்து, பையை என் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினாள். மாட்டிய கையை எடுக்காமல், சுவரைப் பார்த்தபடியே நின்று அழுதாள். பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் அவள் பக்கத்திலேயே நின்றேன்.