மணி அடிக்கட்டும்

சட்டைக் கம்பெனியில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். எல்லாரும் பத்தே நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு மெஷினுக்கு ஓடுவார்கள். காலர் தைக்கும் அக்காவும் அப்படி ஓடித்தான் வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டாள். இப்போது ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் ருசித்து, நன்றாக மென்று விழுங்கிய பிறகே அடுத்த வாய்க்குக் கை போகும்.

சூப்பர்வைசர் எதிரே வந்து நின்றார். "என்னம்மா, விருந்தா நடக்குது? எல்லாரும் மெஷின்ல உக்காந்தாச்சு."

"மணி அடிக்கட்டும் சார். மெஷினுக்கு எண்ணெய் விடணும்னா நிறுத்திட்டுத்தானே விடுறீங்க? நான் மட்டும் ஓடிக்கிட்டே திங்கணுமா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் சட்டைப் பையில் அல்சர் மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. அக்காவுக்கு அதன் நிறம்கூட அத்துப்படி.

"அதை ரெண்டு வருஷம் முழுங்கினவ நான். இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு. உக்காந்து சாப்பிடுங்க சார்."