மைக்கில் அடைத்த கடன்

செல்லதுரை தன் தாய்மாமன் உத்திராபதிக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. தொண்ணூற்றைந்தாம் வருஷத்துக் கடன். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. சாட்சி என்றால் மாமன் பெண்டாட்டி பூங்காவனம் அத்தை ஒருத்திதான்.

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் செல்லதுரை. சுண்ணாம்புக்கல் சுமந்து, லாரி கழுவி, பிறகு அதே லாரிக்கு டிரைவராகி, சொந்த வண்டி எடுக்கத் துணிந்தபோது பெரம்பலூர் பைனான்ஸில் கட்ட வேண்டிய முன்பணத்தில் பன்னிரண்டாயிரம் குறைந்தது. அந்த இடத்தில் வேறொருவனாக இருந்தால் திரும்பிப் போயிருப்பான். செல்லதுரை வரதராஜன்பேட்டைக்கு பஸ் ஏறினார்.

மாமா அங்கே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பொங்கல் கழிந்தால் கடைக்குப் பூட்டு. குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார். குடும்பம் என்றால் பெண்டாட்டியும் மகள் கலையரசியும் மட்டுமல்ல, அக்காள் பிள்ளைகளும் சேர்த்தி. செல்லதுரை முதன்முதலில் கடலைப் பார்த்தது தரங்கம்பாடியில், மாமாவின் தோளில் உட்கார்ந்துதான். போகிற ஊரிலெல்லாம் அந்த ஊர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வருவது மாமாவின் பைத்தியம். ஆறு, அருவி, கடல் எதையும் விடமாட்டார். சைக்கிளுக்கு அடிக்கிற பெயின்டால் பாட்டில் மேல் ஊர்ப் பெயரை எழுதிப் பரண் விளிம்பில் அடுக்குவார். அந்த வரிசையில் ஒன்று மட்டும் காலி. அதில் சிவப்புப் பெயின்டில் 'காசி' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அந்தக் காசி டூருக்குச் சேர்த்த பணத்தைத்தான் எடுத்து மருமகன் மடியில் வைத்தார்.

"காசி எங்கயும் போயிடாது மாப்ள. நல்ல வண்டி போயிடும்."

அந்த வண்டி மூன்று வண்டியாயிற்று. அரியலூர் ரோட்டில் கல் ஏற்றிப் போகிற லாரிகளில் 'உத்திராபதி துணை' என்று நெற்றியில் எழுதிய லாரிக்குத் தனி மரியாதை. மாமன் பெயரைச் சாமி பெயர் மாதிரி எழுதியவர் இந்த ஜில்லாவில் வேறு யார் என்று செல்லதுரை கேட்பார். கேட்கலாம்தான்.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள் பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மாமா தனியாக உட்கார்ந்து டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. உழைத்துச் சம்பாதித்த முதல் பெரிய பணம். அதை யாரும் பார்க்காத இடத்தில் நீட்டுவதா? டீ குடித்துவிட்டுப் பணத்தோடேயே திரும்பினார். கலையரசிக்குக் கல்யாணம் வரட்டும், நாலு சனம் அறியச் செய்வோம் என்று வைராக்கியம் வைத்தார்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஆண்டிமடத்தில் கல்யாணம். மொய் எழுதுகிற மேஜையில் இருபத்தைந்தாயிரத்தை வைத்தார். "லாரி ஓனர் செல்லதுரை, இருபத்தஞ்சாயிரம்" என்று மைக்கில் சொன்னதும் பந்தியில் சாப்பிட்டவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். கடனும் தீர்ந்தது, அதற்கு மேலே ஒரு பங்கும் ஆயிற்று என்று அவர் கணக்கு. ஆனால் இது பழைய கடன் என்று மட்டும் வாய் திறக்கவில்லை. கைமாற்று வாங்கித்தான் முன்னுக்கு வந்தான் என்று ஊர் பேசுவதை அவரால் தாங்க முடியாது. மாமா கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ எதுக்கு மாப்ள?" என்று கேட்டார். ஆனந்தத்தில் குரல் கம்முகிறது என்று செல்லதுரை நினைத்தார்.

இரண்டாயிரத்து நாலில் அரியலூரில் மாடி வீடு கட்டிக் குடிபுகுந்தார். மாமா அரிசி மூட்டை, குத்துவிளக்கு, வேட்டி சேலை என்று தாய்மாமன் சீரோடு வந்து, மொய் மேஜையில் முப்பதாயிரம் வைத்தார். மைக்கில் அதையும் சொன்னார்கள். 'எம் மாமன்யா' என்று செல்லதுரை பக்கத்தில் நின்றவர் தோளில் தட்டினார். சைக்கிள் கடைக்காரருக்கு முப்பதாயிரம் ஏது என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஏழு மாசியில் மாமா நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். கருமாதிச் செலவு முழுக்கத் தன்னுடையது என்று செல்லதுரை சொல்லிவிட்டார். பந்தல், மைக் செட், தன் படத்தையும் சேர்த்துப் போட்ட பெரிய பேனர் எல்லாம் வந்து இறங்கின. பந்தியில் வைத்து அத்தைக்குக் கொடுப்பதாக ஐம்பதாயிரத்தை மஞ்சள் பையில் கொண்டு வந்திருந்தார். மைக் செட்காரரிடம் சொல்லியும் வைத்தாயிற்று.

அத்தை அவரை உள்ளே கூப்பிட்டாள். பரணிலிருந்து பாட்டில்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். காலி பாட்டிலைப் பார்த்ததும் செல்லதுரைக்கு மனசு இளகிற்று. "கடைசி வரைக்கும் காசிக்குப் போவலியே அத்தை. ஏன் தள்ளிக்கிட்டே இருந்தாரு?"

அத்தை துடைக்கிற கையை நிறுத்தவில்லை. "மொதத் தடவ ஒன் லாரிக்குக் குடுத்தாரு. மறுபடி குருவி சேக்கற மாதிரி சேத்தாரு. அது ஒன் மொய்க்குப் போச்சு. பத்தாததுக்குச் சைக்கிள் அத்தனையும் வித்தாரு."

"எம் மொய்க்கா?"

"இருபத்தஞ்சு வெச்சியே தம்பி. வெச்சத விட கூட வெச்சுத்தான திருப்பணும்? இல்லன்னா நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"அது மொய்யில்ல அத்தை. மாமா குடுத்த கடனத் திருப்பிக் குடுத்தேன்."

"அத மைக்குல சொன்னியா?"

கடனை அடைப்பதாக நினைத்துச் செல்லதுரை மாமாவைக் கடன்காரராக்கியிருக்கிறார். கொடுத்ததற்கு மேலேயே திரும்ப வாங்கியும் ஆயிற்று. பழைய பன்னிரண்டாயிரம் அப்படியே நிற்கிறது. மூன்று லாரியின் நெற்றியில் பெயர் எழுதத் தெரிந்தவருக்கு, ஆளில்லாத கடையில் ஒரு நிமிஷம் கை நீட்டத் தெரியாமல் போயிற்று. அன்றைக்கே நீட்டியிருந்தால் மாமா அந்தப் பொங்கலுக்கே காசியில் நின்றிருப்பார். கங்கையில் இறங்கிப் பாட்டிலை முக்கி, "மாப்ள, நல்லா மூடி போடு" என்றிருப்பார். தன்னையும் கூட்டிப் போகாமலா இருந்திருப்பார்?

வெளியே மைக் செட்காரர் தொண்டையைச் செருமி, "அடுத்து நம்ம லாரி ஓனர்..." என்று ஆரம்பித்தார். செல்லதுரை வாசலுக்குப் போய்க் கையை அசைத்து நிறுத்தச் சொன்னார். திரும்பி வந்து மஞ்சள் பையை அப்படியே அத்தை முன்னால் வைத்தார்.

அத்தை பையைத் தள்ளினாள். "பன்னெண்டாயிரம் எடு, காசிக்குப் போவணும். அதுக்கு மேல ஒரு ரூவா இருந்தாலும் அது மொய்யாப் போயிடும். திருப்பிச் செய்ய எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"காசிக்கு இப்ப அது பத்தாதே அத்தை."

"மிச்சத்துக்குக் கலையரசி இருக்கா. அவரு குடுத்தது மட்டும் வந்தாப் போதும்."

காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அத்தை வலது கையை நீட்டினாள். செல்லதுரை கட்டைப் பிரித்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை உருவினார். வெளியே சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தாளாக, வாய்க்குள்ளேயே எண்ணி, அந்த விரிந்த உள்ளங்கையில் வைத்தார்.