ஆறாவது சுற்றுக்கு நான் வரவில்லை

வேலை தேடும் வேலையில் லீவு கிடையாது. நாவலப்பிட்டியில் மழை கொட்டினாலும் சான்றிதழ் ஃபைல் நனையாமல் கண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததும் சிரிக்க வேண்டும். அலைந்தவர்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நான் காசாளராக இருந்த கண்டிக் கடையை மூடிவிட்டார்கள். கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் ஒரு மின்சாதன நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். தமிழ் பேசும் வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளைப் போனில் கேட்கும் வேலை. ஒரு மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் கொழும்பில் மாமா பார்த்துவைத்த வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கொழும்புக்குப் போக எனக்குத் துளியும் விருப்பமில்லை.

கம்பியைப் பிடித்தபடி

முதல் சுற்று போனில். "நாளைக்குப் பத்து மணிக்குக் கூப்பிடுவோம்" என்றவர்கள், சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்பே கூப்பிட்டார்கள். நான் கண்டி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, மறு கையில் போன். "உங்கள் பலம் என்ன?" என்றது குரல். கம்பளையிலிருந்து கெலிஓயா வரைக்கும் பொறுமை, நேரந்தவறாமை என்று கத்திக்கொண்டே வந்தேன். பஸ்ஸே மூச்சுவிடாமல் கேட்டது. போனை வைத்ததும் கொண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, நாவலப்பிட்டியில இருந்து நின்னுக்கிட்டே வர்றீங்க, ஒரு தடவகூட மூஞ்சி சுளிக்கல. அதையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்ல?"

பென்சிலால் பதினொரு இடம்

இரண்டாவது சுற்று, எழுத்துப் பரீட்சை. சிங்களக் கேள்விகளை ஏதோ ஒரு இயந்திரம் தமிழாக்கியிருந்தது. 'வாடிக்கையாளர் சூடாக இருந்தால் அவரை எப்படிக் குளிர வைப்பீர்கள்?' என்று ஒரு கேள்வி. கோபமாக வருபவரைச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே இரண்டு நிமிடம் போயிற்று. பதில்களை எழுதி முடித்தபின் நேரம் மிச்சமிருந்தது. கை சும்மா இருக்கவில்லை. பென்சிலை எடுத்துக் கேள்வித்தாளைப் பதினொரு இடத்தில் திருத்திக் கொடுத்தேன்.

ஆள் எடுக்கும் ஆளணிப் பிரிவின் நில்மினி மேடம் அதை வாங்கிப் பார்த்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்: "மிஸ், நீங்க எக்ஸாம் எழுத வந்ததா, எங்களுக்கு எக்ஸாம் வைக்க வந்ததா?"

ஒருத்தரைக் கழிக்கச் சொன்னார்கள்

மூன்றாவது சுற்றில் ஆறு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். "உங்களில் யார் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்று நீங்களே பேசி முடிவெடுங்கள். இருபது நிமிடம்" என்றார் ஒரு அதிகாரி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சுதன்தான் முதலில் வாயைத் திறந்தார்: "நான் போறன். எனக்கு வேற இடமும் இருக்கு." அது பொய். அரை மணித்தியாலத்துக்கு முன்புதான், வேறு எங்காவது ஆள் எடுக்கிறார்களா என்று என்னிடம் விசாரித்திருந்தார்.

"உக்காருங்க, யாரும் போகத் தேவையில்ல" என்றேன். கழிப்பது அவர்கள் வேலை, அதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டேன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நேரம் முடிந்து அதிகாரி பெயர் கேட்டபோது, அலவத்துகொடயிலிருந்து வந்த ஃபசீனா எழுந்து நின்றாள்: "பேர் இல்ல சேர். வேலய நீங்க யாருக்கு வேணுன்டாலும் குடுங்க, ஆனா ஒத்தர் வவுத்துல அடிக்கிற வேலய எங்கட கையால செய்ய வைக்காதீங்க."

ஷொக் அடித்த ஃபிரிட்ஜ்

நான்காவது சுற்றுக்கு மூன்று பேர் மிஞ்சினோம். ஃபசீனா இருந்தாள். சுதன் இல்லை, எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க நிஜமான போனில் உட்கார வைத்தார்கள். கையில் ஒரு பேப்பர். பெயரை எழுது, மூன்று வேலை நாட்களில் ஆள் வரும் என்று சொல், வை. அவ்வளவுதான். பதினொரு மணிக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷொக் அடிக்கிறதாம். வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள்.

பேப்பரைக் கவிழ்த்து வைத்தேன். பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்லி, மெயின் சுவிட்சை நிறுத்த வைத்து, பிறகு பிளக்கைக் கழற்ற வைத்தேன். "கழட்டிட்டேன்" என்று அவர் சொல்லும்வரை போனை வைக்கவில்லை. பிறகு டெக்னீஷியன்களின் அறைக்குப் போய், ஒருவர் இன்றே போக ஒப்புக்கொள்ளும்வரை வாசலில் நின்றேன். "புள்ளி குறையும்" என்று மேற்பார்வையாளர் எச்சரித்தார். பின்னேரம் அந்த அம்மா மறுபடி கூப்பிட்டு, என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னார்: "நாலு நாளா கூப்புடுறேன் மக. மத்தவங்க எல்லாம் எதையோ வாசிச்சாங்க, நீங்கதான் நான் சொன்னதக் கேட்டீங்க."

முகாமையாளரின் மேசை

ஐந்தாவது சுற்றில் முகாமையாளர் நேரே விஷயத்துக்கு வந்தார். "பேப்பரில் உள்ளதை ஏன் சொல்லவில்லை?"

"அந்தப் பேப்பர்ல ஷொக்குக்கு இடமில்ல சேர். நாளைக்கு இப்படி ஒரு கோல் வந்தாலும் இதத்தான் செய்வேன்."

அவர் சிரித்தார். நல்லது, இரண்டு வாரத்தில் கொழும்புத் தலைமையகத்தில் ஆறாவது சுற்று என்றார். என் ஒரு மாதமோ அடுத்து வரும் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும். "சேர், அஞ்சு தடவ நீங்க என்னயப் பாத்துட்டீங்க. நானும் அஞ்சு தடவ உங்க கம்பெனியப் பாத்துட்டேன். எனக்கு முடிவெடுக்க அது போதும். ஆறாவதுக்கு நான் வரல."

வெளியே உட்காரச் சொன்னார். கால் மணித்தியாலம் கழித்து நில்மினி மேடம் நியமனக் கடிதத்தோடு வந்தார். ஃபசீனாவுக்கும் ஒன்று இருந்தது. என்னுடையதைக் கையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் ஏழு ரவுண்ட் வந்தேன் மிஸ். எனக்கு அப்படிச் சொல்லலாம்னே தெரியாது."

இப்போது எங்கள் பிரிவுக்கு நாங்களே ஆள் எடுக்கிறோம், இரண்டே சுற்றுதான், ஏனென்றால் மூன்றாவதை நடத்த உட்கார்ந்தால் போனை யார் எடுப்பது?