ஏழாம் பெட்டியின் மிச்சம்

நம்பாதவர்கள் என் பழைய நாற்காலியை முகர்ந்து பார்க்கலாம். கிடங்கில்தான் கிடக்கிறது.

முதியோர் இல்லம் ஒன்றின் கட்டிலோரப் பெட்டிகளுக்கு ஜாவாவில் நிரல் எழுதுவது என் வேலை. படுத்திருப்பவர் பொத்தானை அழுத்திப் பேசினால், குரல் நர்ஸ் மேசைக்குப் போகும். பேசி முடித்ததும் பெட்டி இணைப்பை மூடும். மூடிய இணைப்புகள் சற்று நேரம் தேங்கி நின்றதால் புதிய அழைப்புகள் நுழையவில்லை. மூடும்போது மிச்சத்தை அனுப்ப எத்தனை விநாடி காத்திருப்பது என்று சொல்லும் ‘லிங்கர்’ என்ற அமைப்பைப் பூஜ்யமாக்கினேன். மூடினால் அந்தக் கணமே துண்டிப்பு.

பக்கத்து இருக்கை அக்கா, நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி, எட்டிப் பார்த்தார்.

“அடியே, பூஜ்யம் போடாத. போய்ச் சேராத மிச்சமெல்லாம் குப்பைக்குப் போயிடும்.”

“மிச்சம் என்னக்கா? இருமலும் சளியும்தானே.”

வேகத்துக்காகச் செய்ததாகத்தான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த ஈரக் குரல்களைக் காதில் வாங்கவே எனக்குக் குமட்டும்.

இரண்டு வாரம் கழித்து, நல்ல பகல் வெளிச்சத்தில், மூன்றரை மணிக்கு, சோதனைக்காக ஹெட்போன் மாட்டினேன். காதுப் பஞ்சு நனைந்திருந்தது. வெதுவெதுப்பாக… பிசுபிசுவென்று.

சளப்… சளப்… ஈரத் துணியிலிருந்து தோலை உரிப்பது போல ஒரு சத்தம். பிறகு, தொடக்கமே இல்லாத ஒரு வாக்கியம்.

“…கொஞ்சம் திருப்பிப் போடேம்மா.”

திரையில்: பெட்டி ஏழு.

சீழ் நாற்றம். என் முதுகில் ஈரம். தொட்டேன். விரலில் மஞ்சள்.

கழுவினேன். மறுபடி கழுவினேன். போகவில்லை.

யாரோ புண்ணோடு கிடக்கிறார்கள்! இல்லத்து நர்ஸை அழைத்தேன்.

“ஏழாம் ரூம்ல யாரு? உடனே போய்த் திருப்பிப் போடுங்க.”

“அது காலிம்மா. அந்தம்மா செத்து நாலு நாளாச்சு.”

“எப்படி?”

“படுக்கைப் புண்ணு. முதுகே அழுகிடுச்சு. கூப்பிடுவாங்க… ‘ஏம்மா’ன்னு மட்டும் கேக்கும், கட்டாயிடும். சும்மா கூப்பிடுறாங்கன்னு விட்டுட்டோம்.”

“பெட்டி?”

“அன்னைக்கே உங்க ஆபீசுக்கு அனுப்பிட்டோமே.”

திரும்பினேன்.

என் நாற்காலிக்குப் பின்னால், அலமாரித் தட்டில். வயர் சுற்றி வைத்தபடி.

லிங்கரைப் பத்து விநாடியாக்கினேன். அனுப்ப மிச்சம் இல்லாத பெட்டி காத்திருக்காது, உடனே மூடும். எல்லாம் அப்படித்தான் மூடுகின்றன.

ஏழு மட்டும் பத்து விநாடியும் எடுக்கிறது.

மின்சாரமே இல்லாமல்…

புது நாற்காலியும் நனைகிறது.