எட்டுப் பாகத்துக்கு வெளியே

தேறாதவன் கிரேடு வரிசையில் எங்கே நிற்பான்? ரோகிணி மிஸ் வகுப்பில் எங்களிடம் கேட்ட கேள்வி இது.

மானகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிபிஎஸ்இ பள்ளி. ரோகிணி அங்கே பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை. கிரேடு போடும் முறையை எளிதாகச் சொல்லித்தருவார். ஒரு பாடத்தில் நாடு முழுக்கத் தேறியவர்களை மார்க்குப்படி வரிசையாக நிறுத்தி, எட்டுப் பாகமாகப் பிரிப்பார்கள். முதல் பாகத்துக்கு ஏ1, அடுத்ததற்கு ஏ2, இப்படியே போய்க் கடைசிப் பாகத்துக்கு டி2. அதனால்தான் அதே தொண்ணூறு ஒரு பாடத்தில் ஏ1, இன்னொன்றில் ஏ2. முப்பத்து மூன்று எடுக்காதவனுக்கு ஈ கிரேடு. அவன் வரிசையிலேயே இல்லை.

எண்பது மார்க்குக்குத் தேர்வு. மீதி இருபதைப் பள்ளி போட வேண்டும். அந்த வருடம் ரோகிணி, சீக்கிரம் முடியட்டும் என்று பெயர்களை விட்டுவிட்டு மார்க்கை மட்டும் வாசித்தார். கிளார்க் சேவுகப்பெருமாள் கணினியில் தட்டினார். நடு வருடத்தில் சேர்ந்த பாண்டிமுருகன் பதிவேட்டில் கடைசி, வைரவனுக்கு அடுத்து. கணினியிலோ அகரவரிசை, அவனுக்குப் பின்னால்தான் வைரவன். வைரவனின் பதினைந்து பாண்டிக்குப் போனது. பாண்டியின் பதினொன்று வைரவனுக்கு வந்தது.

தேர்வில் இருபது வாங்கியிருந்த வைரவன் முப்பத்தொன்றில் நின்றுபோனான்.

ரிசல்ட் அன்று பதிவேட்டைப் புரட்டியபோதுதான் ரோகிணிக்கு உறைத்தது.

"போர்டுல மார்க்கைப் பூட்டியாச்சும்மா, இனி தொறக்க மாட்டாக," என்றார் சேவுகப்பெருமாள். "ஒங்க வேலையும் போயிரும், என் வேலையும் போயிரும். பேசாம இருங்க."

பேசாமல் இருந்தார்.

அதன்பிறகு காலை வழிபாட்டில் பிள்ளைகள் நிற்கும்போதெல்லாம் வரிசைக்கு வெளியே ஒருவன் நிற்பது போலிருக்கும். திரும்பிப் பார்ப்பார். வேப்பமரம்தான் நிற்கும்.

மறுதேர்வுக்கு வைரவன் வரவில்லை. பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

"மிஸ், ஜீரோ பாத்துக்கிருங்க," என்று ஒருநாள் பெட்ரோல் போட வந்த ரோகிணியிடம் சிரித்தான். "ஜீரோன்னா நான் இல்ல, மீட்டரு. கணக்குல நான் யாருன்னு ஒங்களுக்குத் தெரியாததா?"

பிறகு ஆறு மாதம் ரோகிணி அவன் கண்ணில் படாமல் நாச்சியாபுரம் வரை போய்ப் பெட்ரோல் போட்டார். ஒருநாள் பெட்ரோல் தீர்ந்து வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு அவனிடமே வந்தார். மூச்சு வாங்கியபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

வைரவன் குழாயை மாட்டிவிட்டுத் திரும்பினான்.

"அப்ப நான் பாஸா மிஸ்?"

"முப்பத்தஞ்சுடா."

"எங்கப்பாகிட்ட வந்து சொல்றீகளா? நான் சொன்னா நம்ப மாட்டாக."

அன்று மாலையே பதிவேட்டோடு அவன் வீட்டுக்குப் போனார். மறுநாள் போர்டுக்கு விண்ணப்பம் எழுதி, 'தவறு என்னுடையது' என்று கையெழுத்துப் போட்டார். அந்தப் பள்ளியில் அவர் இப்போது இல்லை.

மார்க் ஏற்றும் அறையில் உங்களுக்குத் தெரிந்த யாராவது உட்கார்ந்திருந்தால் இதை அவருக்குச் சொல்லுங்கள். பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.