வலப்பக்கத்து ஸ்ரியறிங்

போன செவ்வாய்க்கிழமையில் இருந்து எனக்குச் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்... ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் இங்கே கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரு கராஜில் வேலை செய்வது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே யூனியன்வில்லில் இருந்து ஒரு வெள்ளைக்கார முதியவர் தன் காரைக் கொண்டுவந்தார். இரண்டாம் மகாயுத்தம் முடிந்த கையோடு, இங்கிலாந்தில் ஒரு சின்னக் கம்பனி கையால் செய்த கார். இரண்டே சீற், மேலே கூரை இல்லை. செய்ததே கொஞ்சம்தானாம். எங்காவது முட்டினால் மாற்றிப் போட ஒரு மட்கார்ட்கூட வாங்க முடியாது.

பிரேக் வேலையை நான்தான் செய்தேன். பிறகு காரை ஓடிப் பார்க்க வேண்டும். ஸ்ரியறிங் வலப்பக்கம், கியரை இடது கையால் போட வேண்டும். மற்றவர்கள் பின்வாங்க, முதலாளி என்னைப் பார்த்தார். ஊரில் ஏழு வருஷம் வாடகைக்கு ஹயர் கார் இப்படித்தான் ஓட்டினேன் என்று வாய் முந்திக்கொண்டது.

கூட வேலை செய்யும் சிவம் அண்ணை காதுக்குள் சொன்னார்: "தம்பி, உதிலை ஏறாதை. முதலிலை கடிதம் கையிலை வரட்டும்."

வேலைக் கடிதத்தைத்தான் சொன்னார். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருக்கிறார்கள். அவர்களை ஸ்பொன்சர் செய்ய, எனக்கு நிரந்தர வேலை உண்டென்று முதலாளி கையெழுத்து வைக்க வேண்டும். அன்று பின்னேரம் வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஏறினேன். முதியவர் எனக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன சுகம் தெரியுமா? கை தானாகக் கியரைத் தேடிப் போனது. கனடாவுக்கு வந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பயமில்லாமல் கார் ஓட்டினேன். கராஜ் வாசலில் இடப்பக்கம் திரும்பினேன். இடப்பக்கமாகவே ஓடினேன்...

எதிரே பஸ் வந்தது.

மிதித்த மிதியில் கார் அப்படியே நின்றது. பஸ்ஸும் நின்றது. இடையில் ஒரு ஆள் படுக்கும் அளவு இடம். இந்த நாட்டில் வலப்பக்கத்தால் ஓட வேண்டும் என்பது அப்போதுதான் தலைக்கு ஏறியது. முதியவர் முன்னால் பார்த்தபடியே, "அதர் சைட், பிளீஸ்" என்றார். அவ்வளவுதான்.

கராஜுக்குத் திரும்பியதும் அவர் நேரே முதலாளியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் ஒரே ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வேலை போனால் கடிதம் போனது. கடிதம் போனால்? கொழும்புக்கு என்னவென்று எழுதுவது?

சிவம் அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கத்தாலை ஓடினனி?" என்று மட்டும் கேட்டார்.

கதவு திறந்தது. பிரேக்கை நன்றாகப் பரிசோதித்துப் பார்த்தோம், இதைவிடத் திறமாக யாரும் செய்ய முடியாது என்று முதியவர் சொன்னாராம். முதலாளிக்குச் சந்தோஷம். அங்கேயே பேனையை எடுத்துக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். முதலாளிக்குத் தமிழ் தெரியாது என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டுக் கார்களை நான் நடுங்கி நடுங்கித்தான் ஓட்டுகிறேன் — ஒரு நாளும் பக்கம் மாறியதில்லை. பயம் விட்ட அந்த ஒரு நிமிஷத்தில் ஊருக்குப் போய்விட்டேன். எங்களை இங்கே சரியான பக்கத்தில் வைத்திருப்பது லைசென்ஸ் அல்ல, பயம்தான் போலிருக்கிறது.

கடிதத்தைத் தபாலில் போட நடந்தே போனேன்.