ஒன்பதாம் அறையில் எத்தனை பேர்?

நம்பாவிட்டால் போங்கள், எனக்கு நஷ்டமில்லை. கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பேயே நேரில் வந்தாலும் வயது, தொழில், படிப்பு என்று படிவத்தை நிரப்பப் பார்க்கிற ஜென்மம். கடைசியில் அப்படித்தான் நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

சிறைகளில் வருடத்துக்கு வருடம் ஏன் கூட்டம் ஏறுகிறது, அது உள்ளே இருப்பவர்களை என்ன செய்கிறது என்பதுதான் என் மூன்று வருட ஆராய்ச்சி. அன்று ஒன்பதாம் அறைக்காரர்கள் முறை. நான்கு பேருக்காகக் கட்டிய அறை. பதிவேட்டில் பதினொரு பேர். ஒவ்வொருவராகச் சிறை நூலகத்துக்கு வந்து என் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள்.

ஏழாவது கேள்வி: "ராத்திரி அறையில எத்தனை பேர் படுக்குறீங்க?"

"பன்னெண்டு."

முதல் ஆள் சொன்னபோது எனக்குள் சிரித்துக்கொண்டேன். பாவம், நெரிசலில் எண்ணிக்கை தப்பிவிட்டது. இரண்டாவது ஆளும் பன்னிரண்டு என்றார். மூன்றாவது ஆளும். பதினொரு பேரும் அதையே சொன்னார்கள். பதிவேடு தப்பாது என்று நான் எல்லாவற்றையும் அடித்துப் பதினொன்று என்று திருத்தினேன். எங்கள் பிழைப்பில் இதற்குத் தரவைச் சுத்தம் செய்வது என்று பெயர்.

கடைசியாக வந்தவர் ஒரு கொத்தனார். திருட்டு வழக்கு, விசாரணையே இன்னும் தொடங்கவில்லை. புது ஆள் என்பதால் கழிவறைச் சுவரோர மூலைதான் அவருக்குக் கிடைத்திருந்தது. இழுத்து இழுத்து மூச்சு விட்டார். சரியாக மாலை 4:00 மணிக்கு எழுந்து போனார்.

4:10-க்கு இன்னொருவர் வந்து உட்கார்ந்தார்.

மெலிந்த உடம்பு. இடது காதுமடல் கிழிந்திருந்தது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், அந்த பெஞ்சில். ஆனால் அவர் தோளைக் குறுக்கி, ஒருக்களித்து, ஓரத்தில் ஒடுங்கினார். பக்கத்தில் யாரோ நெருக்குவதுபோல...

சம்மதப் படிவத்தை நீட்டினேன். கட்டைவிரலை மையில் அழுத்தினார். தாளில் அழுத்தினார்.

தாள் வெள்ளையாகவே இருந்தது.

"மூலையில கொத்தனாருக்கு மூச்சு முட்டுது. வேற அறைக்கு மாத்தச் சொல்லுங்க, டீச்சர்."

"நான் அதெல்லாம் பேசக் கூடாதுங்க. அனுமதியை ரத்து பண்ணிடுவாங்க."

"இன்னிக்கே சொல்லுங்க."

குனிந்து பேனாவை மூடினேன். ஹக்... ஹக்... என்று மூச்சு அடைக்கிற ஒரு சத்தம். நிமிர்ந்தேன்.

பெஞ்ச் காலி.

கதவு திறந்த சத்தமே இல்லை...

4:17.

வெளியே நின்ற சிறைக்காவலரிடம், "பன்னெண்டாவதா வந்தவர் யாரு?" என்று கேட்டேன்.

"பதினோரு பேரைத்தானே அனுப்பினேன், மேடம்? கடைசி ஆளையும் நாலு மணிக்கே உள்ள விட்டுப் பூட்டியாச்சே."

நாலு எட்டு வைத்தால் கண்காணிப்பாளர் அறை. போய்ச் சொல்லியிருக்கலாம். மூன்று வருட உழைப்பு கண்முன்னால் வந்து நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை 7:05. அந்தக் காவலர்தான் போன் செய்தார்.

"இன்னிக்கு வராதீங்க, மேடம். கொத்தனார் போயிட்டாரு. விடியும்போது... மூச்சுத் திணறி."

ஒரு வாரம் கழித்து, சிறை மருத்துவரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பழைய இறப்புப் பதிவுகளைப் பார்த்தேன். போன கோடையில் ஒருவர். அதே அறை. அதே மூலை. அதே மூச்சுத் திணறல். அடையாளம்: கிழிந்த இடது காதுமடல்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கொத்தனாரை நான்தான் கொன்றேன் என்று இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனேன். கொத்தனார் இடத்துக்கு ஒரு லாரி டிரைவர் வந்திருந்தார். பதிவேட்டில் அதே பதினொன்று. ஏழாவது கேள்வியைக் கேட்டேன்.

"பதிமூணு பேருங்க."

என் பேனா நகரவில்லை.

"எனக்குப் பக்கத்துல ஒரு கொத்தனார் படுக்குறாருங்க..." என்றார் டிரைவர். "தினமும் ஒரே கேள்விதான். டீச்சரம்மா சொல்லிட்டாங்களா, சொல்லிட்டாங்களான்னு."